போட்டோவில் ஹீரோ பளிச்னு தெரியணும்... அதுக்காக பின்னால் இருப்பவரை அழிக்கணுமா?

ஆனி மாசம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள், பிடிக்க அத்தனை கைகள் நீளும். அங்கே எடுத்த போட்டோவை வீட்டுக்கு வந்து பார்த்தால் தலைகள், செல்போன்கள், கரண்ட் கம்பி. 'மெயின் மேட்டரே தெரியலையே' என்று தோன்றும். உடனே விரல் அழிப்பு டூலைத் தேடும்.

அது இப்போ ரொம்ப ஈஸி. 2021-ல் பிக்சல் 6 போனோடு 'மேஜிக் இரேசர்' வசதியை கூகுள் கொண்டுவந்தது. 2024-ல் ஐபோனுக்கு 'க்ளீன் அப்' வந்தது. விரலால் தேய்த்தால் ஆள் காலி. அந்த இடத்தை மென்பொருள் யூகித்து நிரப்பும். அதாவது, அங்கே இருப்பது கேமரா பார்த்த காட்சி இல்லை.

என் கருத்து: ஹீரோவைத் தூக்கிக் காட்ட யாரையும் அழிக்கத் தேவையே இல்லை.

கண் எங்கே போகும்?

ஒரு படத்தில் வெளிச்சமான, தெளிவான, நிறம் அடர்ந்த இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். அதனால் மற்ற இடங்களின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும்.

விழிதியூர் பக்கம் வயல் வரப்பில் தங்கச்சி நிற்கிறாள், பின்னால் நடவு நடும் பெண்கள், மேலே வெளுத்துப்போன வானம் என்று வைத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் ஆப் போதும்.

1. முதலில் க்ராப். வெளுத்த வானத்தைக் குறைத்து, அவளை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

2. 'செலக்டிவ்' டூலில் முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து ப்ரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

3. பின்னால் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் புடவை மேல் இன்னொரு புள்ளி. அங்கே சாச்சுரேஷனை இறக்குங்கள்.

4. கடைசியில் 'விக்னெட்'. ஓரங்கள் லேசாக இருண்டால் போதும். பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது ஓவர்.

தங்கச்சி முன்னால் வந்துவிட்டாள். நடவுப் பெண்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

பெரிய ஆட்களே சிக்கிய இடம்

1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக எகிப்து பிரமிடுகளை நகர்த்தி நெருக்கி வைத்தது நேஷனல் ஜியாகிரபிக். நிற்கும் அட்டைக்குள் படுக்கைப் படம் அடங்கவில்லை என்பதுதான் காரணம். அந்த விமர்சனம் இன்றும் ஓயவில்லை. 2016-ல் ஸ்டீவ் மெக்கரியின் சில படங்களில் ஆட்களும் பொருட்களும் நீக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. தன்னை 'காட்சி வழிக் கதைசொல்லி' என்று சொல்லிக்கொண்டார் அவர்.

'நாங்க என்ன பத்திரிகைக்கா எடுக்குறோம்? வீட்டு ஆல்பம்தானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டு ஆல்பத்தில்தான் பின்னணிக்கு மதிப்பு அதிகம்.

2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடலோரத்தையும் புரட்டிப்போட்டது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவக் கிராமங்கள் உயிர்களையும் வீடுகளையும் இழந்தன. அதற்கு முன் கடற்கரையில் எடுத்த ஒரு டூர் போட்டோவை இன்று எடுத்துப் பாருங்கள். சிரிக்கும் குடும்பத்தின் பின்னால் தெரியும் படகு, குடிசை, வலையோடு நிற்கும் ஆள்... அன்று 'இடைஞ்சல்'. இன்று அந்த ஊருக்கு அதுதான் சாட்சி. எது முக்கியம் என்று எடுத்த அன்றே நமக்குத் தெரிந்துவிடுவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: பொதுவெளியில் பகிரும் படத்தில் அறிமுகமில்லாத குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தால், அதை மங்கலாக்குங்கள். அது மறைப்பு என்று பார்க்கிறவருக்கே தெரியும், ஏமாற்று இல்லை.

மற்றபடி எடிட் செய்ததைத் தனி காப்பியாக சேவ் பண்ணுங்கள். ஒரிஜினலை டெலீட் பண்ணாதீங்க. ஸ்டோரேஜ் நிறைந்தால் முதலில் குட்மார்னிங் படங்களை அழிக்கலாம்!