கடைசிச் சீட்டு கவுத்திடுச்சு மச்சி!

ஜூலை மாசம் ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு ஏனாத்தூர் பக்கம் ஏதாவது ஹாஸ்டல் ரூம்ல லைட் எரிஞ்சா, அரியர் எக்ஸாமுக்குப் படிக்கிறாங்கன்னு வார்டன் நினைச்சு சந்தோஷப்படலாம். ஆனா உள்ளே வேற கதை நடக்கவும் சான்ஸ் இருக்கு. லாஸ் வேகாஸ்ல அப்போ மதியம் பன்னிரண்டு மணி. போக்கர் உலகக் கோப்பை மாதிரி வருஷா வருஷம் நடக்கிற 'வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்' மெயின் ஈவென்ட்ல சீட்டு போட ஆரம்பிக்கிற நேரம். மொபைலைத் தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வெச்சுக்கிட்டு நாலு பேர் ஒரே ஸ்கிரீனை முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. காலேஜ் ஃபீஸைவிட பெரிய தொகை ஒவ்வொரு சீட்டுலேயும் புரளும்போது தூக்கம் எப்படி வரும் சொல்லுங்க?

அந்தப் போட்டியில நுழையவே 10,000 டாலர் கட்டணும். 2024ல 10,112 பேர் கட்டினாங்க. அதுவரைக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. 2025ல 9,735 பேர். அதுல ஜெயிச்ச மைக்கேல் மிஸ்ராச்சிக்கு ஒரு கோடி டாலர் பரிசு. மீதிப் பேருக்கு? பரிசு லிஸ்ட்ல இடம் பிடிச்ச கொஞ்சம் பேரைத் தவிர, கையில மிஞ்சினது ஒரு கதை. அந்தக் கதைக்குத்தான் 'பேட் பீட்'னு பேர்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு அரை நிமிஷ கோச்சிங். ஒவ்வொருத்தர் கையிலயும் ரெண்டு மூடின சீட்டு. நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. இந்த ஏழுல சிறந்த அஞ்சு யாருக்கு அமையுதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்துலேயும் பந்தயம் ஏத்தலாம், இல்லைன்னா கையைக் கீழே வெச்சுட்டு எந்திரிச்சுடலாம். நீங்க எல்லாத்தையும் சரியா கணிச்சு, எதிராளியைவிட நல்ல கையோட மொத்தப் பணத்தையும் உள்ளே தள்ளின பிறகு, கடைசிச் சீட்டு வந்து உங்களைக் கவுத்தா, அதுதான் பேட் பீட். கவனிங்க: தோத்தா மட்டும் போதாது. சரியா ஆடித் தோத்திருக்கணும்.

நம்ம ஊர்ல இதுக்குத் தனிப் பேர் கிடையாது. கதை மட்டும் தாராளமா கிடைக்கும். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து "மச்சி, நேத்து ரம்மியில..."ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா போதும், அடுத்தவன் அதைவிட பெரிய சோகத்தை எடுத்து விடுவான். மூணாவது ஆள் "இதென்னடா, என் கதையைக் கேளு"ன்னு டீயையே ஆற வெச்சிடுவான். கல்யாண வீட்டுல சுகர், பிரஷர் பத்திப் பேசற பெரியவங்களைப் பார்த்திருக்கீங்கள்ல? அதே ஸ்டைல்தான். யாருக்கு ரீடிங் அதிகம்னு ஒரு போட்டி.

உலகத்துலேயே அதிகம் பேசப்பட்ட பேட் பீட் கதைகள்ல ஒண்ணைச் சொல்றேன். 2003. கிறிஸ் மனிமேக்கர்னு ஒரு அக்கவுன்டன்ட். (பேரே 'பணம் பண்றவர்'. சத்தியமா ஒரிஜினல் பேருதாங்க!) இன்டர்நெட்ல 86 டாலர் கட்டி ஒரு குட்டிப் போட்டியில ஜெயிச்சு, அந்த டிக்கெட்ல மெயின் ஈவென்ட்டுக்கு வந்தவர். அந்த வருஷம் மொத்தம் 839 பேர். அவங்கள்ல பத்துப் பேர் மிச்சம் இருக்கும்போது மனிமேக்கரும் ஃபில் ஐவியும் மோதினாங்க. ஐவி அப்பவே பெரிய கை. மனிமேக்கர் கையில ஏஸும் ராணியும். ஐவி கையில ரெண்டு ஒன்பது.

நடுவுல விழுந்த மூணு சீட்டு: ராணி, ராணி, ஆறு. மனிமேக்கருக்கு மூணு ராணி சேர்ந்தாச்சு. நாலாவது சீட்டு: ஒன்பது! இப்போ ஐவிகிட்ட மூணு ஒன்பதும் ரெண்டு ராணியும். அதாவது ஃபுல் ஹவுஸ். ஐவி எல்லாத்தையும் உள்ளே தள்ளினார். பார்க்கப்படாம இருந்த 44 சீட்டுல மனிமேக்கரைக் காப்பாத்தக்கூடியது ஏழே ஏழு: மூணு ஏஸ், மூணு ஆறு, ஒரு ராணி. நூத்துக்குப் பதினாறு சான்ஸ். அஞ்சாவது சீட்டு விழுந்தது. ஏஸ்! அவரோட ஃபுல் ஹவுஸ் பெருசாயிடுச்சு. ஐவி பத்தாவது இடத்தோட வெளியே. மனிமேக்கர் அப்படியே போய் 25 லட்சம் டாலரோட உலக சாம்பியன். அடுத்த வருஷம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்து நின்னாங்க. 'அக்கவுன்டன்டே ஜெயிக்கிறான், நமக்கென்ன'ங்கிற எண்ணம் எப்படிப் பரவிச்சுன்னு இந்த ரெண்டு நம்பரே சொல்லும்.

இப்போ ஒரு கேள்வி. இதுல பேட் பீட் யாருக்கு? ஐவிக்குன்னு டக்குனு சொல்வீங்க. கொஞ்சம் பொறுங்க. மூணு சீட்டு விழுந்தப்போ முன்னால இருந்தது மனிமேக்கர். ஐவிக்கு வேணும்கிற ஒன்பது 45 சீட்டுல ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு வந்து விழுந்தது. அந்தக் கடைசி ஏஸ் மட்டும் வராம இருந்திருந்தா, மனிமேக்கர் ஊருக்குப் போய், "மச்சி, மூணு ராணி வெச்சிருந்தேன்டா, நாலாவது சீட்டுல ஒன்பது விழுந்துச்சு பாரு..."ன்னு ஆயுசுக்கும் புலம்பிக்கிட்டு இருந்திருப்பார். ஒரே ஆட்டம், ரெண்டு கதை. எந்த இடத்துல கதையை ஆரம்பிக்கிறோங்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு.

அதனால யாராவது பேட் பீட் சொன்னா நான் கேட்கிற ஒரே கேள்வி: "காசு எப்போ உள்ளே போச்சு?" பெரும்பங்கு காசு உள்ளே போன நேரத்துல நீங்க முன்னாடி இருந்தீங்களா, பின்னாடி இருந்தீங்களா? ஐவி இந்த டெஸ்ட்ல பாஸ். 2010ல மேட் அஃப்லெக்கும் பாஸ். கையில ரெண்டு ஏஸ் வெச்சுக்கிட்டு நாலாவது சீட்டுல மொத்தத்தையும் தள்ளினார். ரெண்டு ஜாக்கி வெச்சிருந்த ஜொனாதன் டுஹாமெலுக்கு உதவக்கூடிய சீட்டு 44ல பத்து. கடைசியா எட்டு விழுந்து வரிசை சேர்ந்திடுச்சு. அஃப்லெக் 15வது இடத்தோட கண்கலங்கி வெளியே போனார். டுஹாமெல் அந்த வருஷ சாம்பியன். 2014ல பத்து லட்சம் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியில கானர் டிரினான் கதை இன்னும் கொடுமை. அவர்கிட்ட ரெண்டு ஏஸ், எதிராளி கேரி காட்ஸ்கிட்டேயும் ரெண்டு ஏஸ்! பணத்தைப் பாதிப் பாதியா பிரிச்சுக்க வேண்டியதுதான்னு எல்லாரும் நினைச்சாங்க. நடுவுல நாலு ஆர்ட்டின் விழுந்தது. ஆர்ட்டின் ஏஸ் இருந்தது காட்ஸ்கிட்ட. முடிஞ்சது கதை. நூத்துக்கு ரெண்டு சொச்சம் சான்ஸ்தான். டிரினான் என்ன பண்ணியிருக்கணும்? ஒண்ணும் இல்லை. சில கதைக்கு அவ்வளவுதான் பதில்.

இப்போ நம்ம டீக்கடைக் கதைக்கு வாங்க. ரெண்டு கட்டு ரம்மி, 101 ஆட்டம். "ஒரே ஒரு சீட்டுதான்டா வேணும், ஆர்ட்டின் ஏழு. அதுக்குள்ள அவன் டிக்ளேர் பண்ணிட்டான். ஃபுல்லு, எண்பது பாயின்ட்!" கேட்டா நெஞ்சு பதறுது. காசு எப்போ உள்ளே போச்சுன்னு கேளுங்க, மெதுவா ஒவ்வொண்ணா வெளியே வரும். பதின்மூணு சீட்டைக் கையில எடுத்தப்போ ஒரு ஜோக்கரும் இல்லை, ஒரிஜினல் ரம்மிக்கு வழியும் இல்லை. இருபது பாயின்ட் கொடுத்துட்டு ஸ்கூட் அடிச்சிருக்கலாம். அடிக்கலை. ரெண்டு ஆர்ட்டின் ஏழுல ஒண்ணு ஏற்கெனவே கீழே இறங்கி அடியில கிடக்கு. எதிர்ல இருக்கிறவன் ஆர்ட்டின் ஆறைக் கீழேயிருந்து எடுத்ததை மேசையில இருந்த எல்லாரும் பார்த்தாங்க, நம்மாளைத் தவிர. இது பேட் பீட் இல்லை தலைவா. இதுக்கு வேற பேர் இருக்கு, பத்திரிகையில போட முடியாது.

1967லயே சுப்ரீம் கோர்ட் ஆந்திர வழக்கு ஒண்ணுல சொன்னது இதைத்தான்: மூணு சீட்டு மாதிரி முழுசா அதிர்ஷ்டம் இல்லை ரம்மி, விழுந்த சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை எடுக்கணும் எதை விடணும்னு திறமை வேணும். அந்த ஒரு தீர்ப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஆன்லைன் ரம்மிக் கம்பெனிங்க பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாங்க. தமிழ்நாடு 2021ல தடை போட்டது, அதே ஆகஸ்ட்ல ஐகோர்ட் ரத்து பண்ணிச்சு. 2023ல புதுச் சட்டம் வந்தது. அந்த நவம்பர்ல ஐகோர்ட் சட்டம் செல்லும்னு சொல்லி, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. 2025 பிப்ரவரியில ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து காலையில அஞ்சு மணி வரை பணம் வெச்சு ஆடக் கூடாதுன்னு மாநில விதி. ஆறே மாசத்துல, ஆகஸ்ட்ல, பார்லிமென்ட்டே சட்டம் போட்டுடுச்சு: திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல பணம் வெச்சு நடத்தினா தப்பு.

திறமையா, அதிர்ஷ்டமாங்கிற இந்தச் சண்டையை நம்ம ஏரியாக்காரங்க ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே ஒரு மாதிரி தீர்த்து வெச்சிருக்காங்க. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919ல ஒண்ணு, 921ல திருத்தின ஒண்ணு. குடவோலை முறை. முப்பது குடும்பு. சொந்தமா வரி கட்டற நிலம் இருக்கணும், வயசு 35க்கு மேல, 70க்குள்ள, படிப்பு வேணும், கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது, கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனோட சொந்தக்காரங்களும் அவுட். இவ்வளவு வடிகட்டின பிறகுதான் மீதிப் பேர் ஓலைச்சீட்டு குடத்துக்குள்ள போகும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும்னு விதி! இன்னிக்கு காசினோ டீலர் மேசையை விட்டு எந்திரிக்கும்போது ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுறாரே, அதே ஐடியா. நிலமும் படிப்பும் இல்லாதவங்க பேர் குடத்துக்குள்ளேயே போகலைங்கிறது வேற விஷயம். ஆனா யார் பேர் வந்தாலும் ஊருக்குப் பாதகம் இல்லாத மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம்தான் அதிர்ஷ்டத்தைக் கூப்பிட்டிருக்காங்க பாருங்க, அங்கேதான் அசந்து போறேன். ஏனாத்தூர்லேருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரம்தான். மாமல்லபுரத்துக்கு மட்டும் டூர் போடாதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை அங்கேயும் போய்ட்டு வாங்க.

போக்கர்ல அந்த வசதி கிடையாது. நூத்துக்கு எண்பது சான்ஸ் உங்க பக்கம் இருந்தாலும் அஞ்சு தடவையில ஒரு தடவை தோக்கணும். அது சாபம் இல்லை, கணக்கு. எண்பது சான்ஸோட தொடர்ந்து அஞ்சு ஆட்டம் ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூத்துக்கு 33. ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வெச்சவங்களும் கால்குலேட்டர்ல 0.8ஐ அஞ்சு தடவை பெருக்கிப் பாருங்க. பத்தாயிரம் பேர் போட்டியில தினமும் நூத்துக்கணக்கான பேட் பீட் நடந்தே தீரும். அதுல உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா யாரும் செய்வினை வைக்கலை.

இவ்வளவும் ஜாலியாத்தான் எழுதிக்கிட்டு வந்தேன். ஒரு விஷயம் மட்டும் சீரியஸா சொல்லிடறேன். எனக்குத் தெரிஞ்ச ஃபைனல் இயர் பையன் ஒருத்தன் பேட் பீட் கதை சொல்றதுல கில்லாடி. மிமிக்ரியோட, எதிராளி மூஞ்சியெல்லாம் நடிச்சுக் காட்டுவான். ரூம்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. தினம் ஒரு புதுக் கதை. தினம் ஒரு புதுக் கதை வருதுன்னா தினமும் ஆடறான்னு அர்த்தம், தினமும் காசு போகுதுன்னு அர்த்தம். இந்தச் சாதாரணக் கணக்கு அங்கே ஒருத்தருக்கும் தோணலை. கதை அவ்வளவு சுவாரஸ்யம். செமஸ்டர் ஃபீஸ், அக்கா கொடுத்த காசு, அப்புறம் லோன் ஆப். லோன்காரங்க அவன் காண்டாக்ட் லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் போன் போட்ட அன்னிக்குத்தான் ரூம்மேட்டுக்கே விஷயம் தெரிஞ்சது. நல்லவேளை, அக்கா நேரா வந்து நின்னாங்க. பையன் இப்போ வேலையில இருக்கான், மாசா மாசம் கடன் கட்டிக்கிட்டு இருக்கான். கதை சொல்றதை மட்டும் நிறுத்திட்டான்.

சட்டம் வந்துட்டதால எல்லாம் முடிஞ்சதுன்னும் சொல்ல முடியாது. வெளிநாட்டு ஆப் லிங்க் ஏதாவது ஒரு குரூப்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. உங்க ரூம்ல அப்படி ஒரு சூப்பர் ஸ்டோரி டெல்லர் இருந்தா, சிரிச்சு முடிச்சதும் தனியா கூட்டிக்கிட்டுப் போய் மூணு கேள்வி கேளுங்க. இந்த மாசம் எத்தனை கதைடா? மொத்தம் எவ்வளவுடா? யார்கிட்ட வாங்கினடா? அட்வைஸ் வேண்டாம், அது அவன் வீட்டுலேயே ஸ்டாக் இருக்கும்.

மத்தபடி, அடுத்த ஜூலையில மேட்ச் பாருங்க, தாராளமா பாருங்க. ஒவ்வொரு சீட்டு விழறதுக்கு முன்னாடியும் 'இப்போ யாருக்கு எத்தனை சான்ஸ்'னு பேப்பர்ல எழுதிப் பாருங்க, செம கிக்கு. ஆடணும்னு தோணினா புளியங்கொட்டை வெச்சு ஆடுங்க, தோத்தா சாம்பார் வெச்ச அம்மாவைத் தவிர யாரும் கேட்க மாட்டாங்க. உங்க பேட் பீட் கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. 49 மார்க்ல ஃபெயிலான கதையும் செல்லும், இன்டர்வியூ கடைசி ரவுண்ட்ல கழட்டி விட்ட கதையும் செல்லும். ஒரே கண்டிஷன்தான். அந்த ஆர்ட்டின் ஆறை எதிராளி எடுத்ததை மறைக்காம எழுதணும்!