திறக்க மறுக்கும் பாடங்கள்

2021 ஜனவரி 12 முதல் அசையும் பாடங்களையும் விளையாட்டுகளையும் பிரவுசரில் ஓட்டிவந்த அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் பிளேயர் மென்பொருள், தனக்குள் ஓட வேண்டிய எதையும் ஓட்ட மறுத்தது. விளையாட்டுகளோடு பாடங்களும் நின்றன. மவுஸை வைத்தால் துடிக்கும் இதயம், கம்பியை இழுத்துப் பொருத்தினால் எரியும் பல்பு, தொட்டால் ஒலிக்கும் உயிரெழுத்து என ஆசிரியர்கள் கண்விழித்துச் செய்தவை, கோப்பு பத்திரமாக இருந்தும் திறக்காமல் போயின.

இது திடீரென்று வந்த இடி அல்ல. 2017 ஜூலையிலேயே அடோபி அறிவித்துவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்த மென்பொருளை நிறுத்தியதும் சரியே. பாடத்தையும் அதை ஓட்டும் கருவியையும் ஒன்றென நினைத்து, பாடத்தைத் திருத்த உதவும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்காமல் விட்டதுதான் தவறு.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1987இல் ஆப்பிள் நிறுவனத்தில் பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு, நிரல் எழுதிப் பழகாதவர்களையும் படைப்பாளிகளாக்கியது. திரையில் ஓர் அட்டை. அதன்மேல் ஒரு பொத்தான். 'அடுத்த அட்டைக்குப் போ' என்று பேச்சு நடையிலேயே ஓர் ஆங்கிலக் கட்டளை. அவ்வளவுதான், பாடம் நகரும். 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற 'மிஸ்ட்' விளையாட்டு இதில்தான் உருவானது. 2004இல் ஆப்பிள் இதன் விற்பனையை நிறுத்தியதும், இதில் செய்த பாடங்களும் ஆதரவற்றுப் போயின.

தமிழுக்கு இழப்பு இரட்டிப்பு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அன்றைய கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தாலும், அந்த எழுத்துரு கைவசம் இல்லையென்றால் 'அம்மா' இருந்த இடத்தில் பொருளற்ற குறிகளே தெரியும்.

தப்பிய கதையும் உண்டு. குழந்தைகள் கதையும் விளையாட்டும் செய்வதற்காக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருள், 2013இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷையே நம்பியிருந்தது. ஃபிளாஷ் நிற்பதற்கு முன்பே, 2019 ஜனவரியில், பிரவுசர்கள் நேரடியாகவே ஓட்டும் எச்டிஎம்எல்5இல் எழுதிய மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. குழந்தைகள் முன்பு செய்தவை அதிலும் திறந்தன. படைப்பு தனிக் கோப்பாகவும், ஓட்டும் மென்பொருள் தனியாகவும் இருந்ததே காரணம்.

இன்றைய கருவிகளில் எச்5பி இந்த வழியில் செல்கிறது. காணொளியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, படத்தில் பெயர்களை இழுத்துப் பொருத்துவது போன்ற பயிற்சிகளை இதில் செய்து, மூடுல் போன்ற இலவசக் கற்றல் தளங்களில் ஓடவிடலாம். இதன் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், பாடத்தில் சேர்த்த படங்களும் ஒலிகளும் தனித்தனிக் கோப்புகளாகக் கண்ணெதிரே நிற்கும். கேள்விகள் சாதாரண நோட்பேடில் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும். எச்5பி நாளை மறைந்தாலும் ஆசிரியரின் உழைப்பு மறையாது.

மக்கள் பணத்தில் மின்பாடம் செய்ய ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு துறையும் மூன்று உறுதிகளைக் கேட்க வேண்டும். மூலக் கோப்புகளை முழுமையாக ஒப்படைக்க வேண்டும். தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். தனி மென்பொருள் எதுவும் நிறுவாமல் சாதாரண பிரவுசரில் பாடம் ஓட வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறாமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.

சந்தா கட்டி இணையத் தளங்களில் அழகழகான பாடங்கள் செய்யும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். முதல் பாடத்தை முடித்த அன்றே அதைத் தரவிறக்கி, அந்தத் தளத்துக்குள் நுழையாமல், வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம். திறக்கவில்லையென்றால், நூறு பாடங்கள் சேர்வதற்கு முன்பே கருவியை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது.