விளாடிவோஸ்டாக்கை நோக்கும் துபாய்

ரஷ்யாவின் பசிபிக் கரையிலுள்ள விளாடிவோஸ்டாக், சோவியத் காலத்தில் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்த கடற்படை நகரம். 1992இல் திறக்கப்பட்ட அந்த நகரின் வணிக எதிர்காலத்தில், வளைகுடா நகரமான துபாயும் அக்கறை கொண்டுள்ளது.

துபாய் அரசுக்குச் சொந்தமான டிபி வேர்ல்ட் நிறுவனம், ரஷ்ய அரசின் அணுசக்திக் கழகமான ரோசாட்டத்துடன் 2021இல் உடன்பாடு செய்துகொண்டது. 2023இல் இரண்டும் கூட்டு நிறுவனம் ஒன்றை அறிவித்தன. ஆர்க்டிக் ஊடான வடகடல் பாதையில் ஆசிய - ஐரோப்பியக் கொள்கலன்களை அனுப்புவதே நோக்கம். இத்திட்டத்தில் விளாடிவோஸ்டாக் கிழக்கு முனையாகக் கருதப்படுகிறது. அங்குள்ள வணிகத் துறைமுகத்தை நடத்தும் ஃபெஸ்கோ குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளும் 2023இல் ரோசாட்டம் வசம் வந்தன.

இதில் ஒரு முரண் தென்படலாம். 1979இல் திறக்கப்பட்ட ஜெபல் அலி துறைமுகம் வளர்ந்ததே தெற்கு வழிக் கடல் வணிகத்தால்தான். வடகடல் பாதையோ சூயஸ் கால்வாயையும் வளைகுடாவையும் ஒருங்கே தவிர்ப்பது. ஆனால் துபாய் இப்போது ஒரு துறைமுகத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2006இல் பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தை வாங்கியதன் மூலம் சென்னைக் கொள்கலன் முனையம் உள்ளிட்ட பல அதன் வசமாயின. சரக்கு எவ்வழியே சென்றாலும் வருமானம் ஈட்டுவதே அதன் கணக்கு. 2023 இறுதியில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்கள் அக்கணக்குக்கு வலுச்சேர்த்தன.

அரசியலும் இதற்கு இடமளித்தது. யுக்ரெய்ன் படையெடுப்பு குறித்து 2022 பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் நடந்த வாக்கெடுப்பில் எமிரேட்ஸ், இந்தியா, சீனா ஆகியவை ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் நடுநிலை வகித்தன. மேர்ஸ்க் போன்ற மேற்கத்தியக் கப்பல் நிறுவனங்கள் ரஷ்யாவை விட்டு விலகின.

எனினும் தடைகள் உள்ளன. குளிர்காலப் பனியை உடைத்துச் செல்ல அணுசக்திக் கப்பல்களின் துணை வேண்டும். சிஎம்ஏ சிஜிஎம் போன்ற பெரிய நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி இப்பாதையைத் தவிர்ப்பதாக 2019இலேயே அறிவித்தன. மேற்குலகப் பொருளாதாரத் தடைகள் மற்றொரு சிக்கல்.

தமிழகத்துக்கும் இந்நகருடன் தொடர்புண்டு. 2019 செப்டம்பரில் இந்தியாவும் ரஷ்யாவும் சென்னை - விளாடிவோஸ்டாக் கடல்வழிக்கு ஒப்புக்கொண்டன. சுமார் 10,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியும் வளைகுடாவைத் தொடுவதில்லை. பயண நேரம் ஏறக்குறைய 24 நாட்கள் என மதிப்பிடப்படுகிறது. ஆனால் 2024-25இல் ரஷ்யாவிலிருந்து இந்தியா இறக்குமதி செய்தது சுமார் 6,400 கோடி டாலர். ஏற்றுமதி 500 கோடி டாலருக்கும் குறைவு.

துபாய்க்குக் கப்பல்கள் கடந்துசென்றாலே ஆதாயம். சென்னைக்கோ, வரும் கப்பல்கள் திரும்பிச் செல்கையில் ஏற்றுவதற்குச் சரக்கு இருந்தால்தான் ஆதாயம். தூரம் குறைந்ததால் மட்டும் அது வந்துவிடாது.