பெயரை விழுங்கிய பெயர்

ஏர் பிடித்தவன் ஒருவன், களத்திலே நெல் அளந்தவன் மற்றொருவன் என்றால் கொதித்தெழுகிறோம். கல் சுமந்தவன் பெயர் மறைந்து, கட்டளையிட்டவன் பெயர் கல்வெட்டில் நிலைத்தால் அநீதி என்கிறோம். ஆனால், கதை எழுதியவர் இருவராயிருந்தும் அட்டையிலே ஒருவர் பெயரே ஒளிவிடும்போது, "இலக்கிய உலகின் வழக்கம் அது" என்று கூறி இமை மூடிக்கொள்கிறோம். வயலுக்கு ஒரு நீதி, வரிக்கு ஒரு நீதியா?

பாரிசுப் பட்டினத்தில் நடந்ததைப் பாருங்கள். அலெக்சாண்டர் டூமாவின் பெயரை அறியாதார் யார்? 'மூன்று மஸ்கட்டியர்கள்' 1844ல் நாளேட்டுத் தொடராக வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய 'மாண்டி கிறிஸ்டோ' 1846 வரை ஓடியது. பாரிசே காத்திருந்து படித்தது. ஆனால், அகுஸ்த் மாக்கே என்ற பெயரை அறிந்தார் எத்தனை பேர்? வரலாறு கற்பித்த ஆசிரியர் அவர். பழைய ஏடுகளைத் துருவிச் செய்தி திரட்டினார். கதைக்குக் கட்டுக்கோப்பு அமைத்தார். அத்தியாயங்களை முதற்படியாக எழுதித் தந்தார். டூமா அவற்றை விரித்தார், உரையாடலால் உயிரூட்டினார். எலும்பும் நரம்பும் ஒருவர் தந்தார், குருதியும் மூச்சும் மற்றவர் தந்தார். பிறந்த பிள்ளைக்கோ ஒரு தந்தையின் பெயரே சூட்டப்பட்டது!

ஏன்? இலக்கியக் காரணமா? இல்லை, சந்தைக் காரணம்! டூமா பெயர் மட்டும் இருந்தால் வரிக்கு மூன்று பிராங்க்; மாக்கே பெயரும் சேர்ந்தால் அதிற்பாதி என்று பத்திரிகை அதிபர் ஒருவர் கணக்குச் சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஆனால், அதே கதைகள் நாடகமாகி மேடையேறியபோது இருவர் பெயரும் இடம்பெற்றன. 1847ல் 'மார்கோ அரசி' நாடகத்துக்கு மக்கள் திரண்டனர். இரண்டு பெயர் இருக்கிறதே என்று எவரும் எழுந்து போய்விடவில்லை. மேடையில் கசக்காத உண்மை ஏட்டில் மட்டும் கசந்ததேன்?

இங்கே ஓர் எச்சரிக்கை, நண்பர்களே! 1845ல் மிர்க்கூர் என்பவர், டூமாவின் எழுத்தைக் 'கதைத் தொழிற்சாலை' என்று ஏசித் துண்டு நூல் வெளியிட்டார். உழைத்தவருக்காகப் பரிந்து பேசியதாக எண்ணிவிடாதீர். டூமாவின் பாட்டி, இன்று எயிட்டி என வழங்கும் தீவிலே அடிமையாயிருந்த கறுப்பினப் பெண். அந்தக் குருதியைச் சுட்டி இழித்துரைத்த நஞ்சு அது. டூமா வழக்குத் தொடுத்து வென்றார், வென்றது நியாயம். ஆனால், தமக்கு இழைக்கப்பட்ட இழிவை எதிர்த்து நின்றவர், தம் தோழரின் பெயர் இருட்டில் கிடப்பதைப் பொறுத்திருந்தாரே, அது நியாயமா? இகழப்பட்டவனும் பிறர் உழைப்பை மறைக்கக்கூடும். ஓர் அநீதி மற்றோர் அநீதிக்கு உரிமைச்சீட்டு ஆகாது.

"மாக்கேயே ஒப்புக்கொண்டாரே!" என்பார் சிலர். ஆம், 1845ல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினார். நிலக்கிழாரின் பத்திரத்தில் கைநாட்டு வைத்த உழவனும் ஒப்புக்கொண்டவன்தான்! ஒப்பம் இருக்குமிடமெல்லாம் நீதி இருப்பதில்லை. பின்னர் மாக்கே வழக்காடினார். 1858ல் தீர்ப்பு வந்தது: பணத்தில் பங்கு உண்டு, அட்டையில் பெயர் இல்லை. கூலி உண்டு, குடியுரிமை இல்லை என்பது போன்ற தீர்ப்பு!

"மாக்கே தனித்து எழுதியவை நிலைக்கவில்லையே, மேதை டூமாதானே?" என்பார் வேறு சிலர். இருக்கட்டும். யார் பெரியவர் என்பதா கேள்வி? யார் உழைத்தார் என்பதன்றோ கேள்வி! சிறிய பங்கானாலும் பங்கு பங்குதான். 2002ல் டூமாவின் உடலைப் பாந்தியோனில் வைத்துப் பிரெஞ்சு நாடு பெருமை செய்தது. மாக்கேயோ 1888ல் மறைந்தார். அந்நூல்களின் பெயர்கள் அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அட்டை மறுத்ததைக் கல்லறை கொடுத்தது!

வேறு வழியே இல்லையா? உண்டு. மாஸ்கோவில் இரயில்வேத் தொழிலாளர் நாளேடு ஒன்றிலே பணியாற்றியவர்கள் இலியா இல்ஃபும் எவ்கெனி பெத்ரோவும். பெத்ரோவின் அண்ணன் கத்தாயெவ், தாம் டூமாவைப் போலத் தலைமை தாங்க, இவர்கள் எழுதட்டும் என்று நாற்காலிக் கதைக் கருவைக் கொடுத்தார். எழுதிய பகுதியைக் கண்டதும், "இனி நான் தேவையில்லை" என விலகிக்கொண்டார்; காணிக்கையாகத் தம் பெயர் இருக்கவேண்டும் என்றார். 1928ல் 'பன்னிரண்டு நாற்காலிகள்' இரு பெயரோடு வந்தது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு சொற்றொடரையும் வழக்காடி எழுதினர். இருவர் உள்ளத்திலும் ஒரே சொல் ஒருங்கே தோன்றினால், எளிதில் கிடைத்தது என்று அதைத் தள்ளினராம்! 1937ல் இல்ஃப் மறையும்வரை அந்தக் கூட்டு முறியவில்லை.

எழுத வரும் இளைஞர்களே! இருவர் கூடி எழுதுவது இழிவன்று. ஒருவரை ஒளித்து வைப்பதே இழிவு. முதல் வரி எழுதுமுன் மூன்றைப் பேசி முடியுங்கள்: பெயர் எப்படி, பணம் எப்படி, கருத்து மோதினால் முடிவு எப்படி? நட்பைக் காட்டி அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர். நட்பு நிலைக்கவே அந்தப் பேச்சு. உழைப்புக்கு மதிப்பு வேண்டுமென்று ஊருக்கு எழுதும் பேனா, முதலில் தன் தோழனின் பெயரை எழுதட்டும்!