பணம் போனாலும் சரி என்றார் பிஷப்!

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் திருச்சபை என்று ஒரு கிறிஸ்தவ சபை உண்டு. அரசாங்கப் பணத்தைப் பெற்று, அகதிகளைக் குடியமர்த்தி வந்தது. சுமார் 40 ஆண்டுகளில், ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் அதனால் வாழ்வு பெற்றார்கள்.

2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் ஜனாதிபதி ஆனார். அன்றே அகதிகள் வருகையை நிறுத்த உத்தரவு போட்டார். முகாம்களில் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் கதி என்ன? அப்படியே நின்றார்கள். ஆனால் தென் ஆப்பிரிக்க வெள்ளையருக்குக் கதவு திறந்தது! மே மாதம் 59 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களையும் குடியமர்த்தும்படி சபையிடம் அரசாங்கம் சொன்னது.

முடியாது என்றார் தலைமைப் பிஷப் ஷான் ரோ. காத்திருப்பவர்களை விட்டு, இவர்களுக்கு மட்டும் சலுகையா என்று வருந்தினார். நிறவெறியை எதிர்த்த ஆர்ச் பிஷப் டுட்டுவின் சபை, இதற்கு உறவுச் சபை. அரசாங்கத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். பணமும் போயிற்று.

சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் என்பது இன்னொரு கிறிஸ்தவ ஸ்தாபனம். அதுவும் இந்தப் பாரபட்சத்தைக் குறை கூறியது. ஆனாலும் வந்தவர்களுக்கு உதவ மறுக்கவில்லை. பைபிள் ஒன்று; முடிவு இரண்டு! வாசலில் வந்து நிற்பவனின் நிறத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

என் மனம் பிஷப் பக்கமே சாய்கிறது. அவர் வெறுத்தது அந்த 59 பேரை அல்ல. வரிசையைக் குலைத்த கையை. ஆனால், முகாமில் நின்றவர்களுக்கு அதனால் கதவு திறந்துவிடவில்லை.