சுவர்க் கிறுக்கலா? சுவர்க் கலையா?



போன வாரம் நம் பள்ளியின் பின்பக்கச் சுவரில் யாரோ கரியால் கிறுக்கி வைத்துவிட்டார்கள். மறுநாள் பிரேயரில் எல்லோருக்கும் திட்டு. "இனிமே யாரும் சுவர்ல கை வைக்கக் கூடாது" என்று உத்தரவும் வந்தது. திட்டு நியாயம்தான். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சுவரில் வரைவதே தப்பா?

நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம். அங்கே அர்ச்சுனன் தபசு தெருவோரத்தில்தான் நிற்கிறது. 1300 வருஷத்துக்கு முன்னால் ஒரு பாறையையே சுவராக்கி யானைகளையும், தவம் செய்கிற பூனையையும், அதைச் சுற்றி எலிகளையும் செதுக்கினார்கள். பஸ்ஸில் போகிறவர்கூடப் பார்க்கலாம். தெருக்கலை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யார் சொன்னது?

ஆனால் பழைய சின்னங்களில் தன் பெயரையும் காதலி பெயரையும் ஆணியால் கீறி வைக்கிறார்களே, அதுவும் கலையா? இல்லவே இல்லை! பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது.

1970-களில் நியூயார்க் பையன்கள் ஸ்ப்ரே பெயிண்டால் ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரை எழுதினார்கள். அதைத்தான் 'கிராஃபிட்டி' என்றார்கள். நிர்வாகம் கழுவிக் கழுவி அலுத்துப்போனது. அதே ஊரில் சுவரில் எழுத ஆரம்பித்த பாஸ்கியா பிறகு பெரிய ஓவியரானார். அவருடைய ஓவியம் ஒன்று 2017-ல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. கிறுக்கினவன் எல்லாம் பாஸ்கியா ஆகிவிட முடியாது. ஆனால் கிறுக்குகிற கைக்குள்ளும் ஏதோ சொல்லத் துடிப்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியுமா?

சென்னை துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர். குடிசைப் பகுதிகளிலிருந்தும், 2004 சுனாமியில் வீடிழந்த கரையோரங்களிலிருந்தும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கினவர்கள் உண்டு. 2020-ல் ஓவியர்கள் அங்கே வந்து மாடி வீடுகளின் பக்கச் சுவர் முழுக்க வரைந்தார்கள். ஒதுங்கிப் போன ஊரை வெளியாட்கள் தேடி வந்து பார்த்தார்கள்.

"படம் வரைஞ்சா குழாய்ல தண்ணி வந்துருமா?" என்று கேட்பீர்கள். வராதுதான். தண்ணீரும் வேலையும் கேட்டு வாங்க வேண்டியவை. பெயிண்டால் அவற்றை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் தலைகுனிந்து தன் ஊர்ப் பெயரைச் சொன்ன ஒரு பிள்ளை நிமிர்ந்து சொன்னால், அது சின்ன விஷயமா?

என் கருத்து இதுதான். சுவர் யாருடையதோ அவரைக் கேட்க வேண்டும். தினமும் அதைப் பார்க்கிறவர்களையும் கேட்க வேண்டும். கேட்டு வரைந்தால் கலை. கேட்காமல் கீறினால் கிறுக்கல்.

ஆகவே ஆசிரியர்களைப் பணிவோடு கேட்கிறோம். அந்தப் பின்பக்கச் சுவரில் பத்தடி மட்டும் எங்களுக்குக் கொடுங்கள். என்ன வரையப் போகிறோம் என்பதை முதலில் பேப்பரில் காட்டுகிறோம். கட்டுமரம், வலை பின்னுகிற கைகள், சுனாமியில் போனவர்களின் நினைவாக ஓர் அலை. நடிகர் படம் கிடையாது, கட்சிக் கொடி கிடையாது! ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு போர்டு எழுதுகிற பெயிண்டர் அண்ணன்கள் எத்தனையோ பேருக்குத் தொழில் போய்விட்டது. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொள்வோம்.

ஒரு வருஷம் பாருங்கள். மறுபடியும் அங்கே கரிக் கிறுக்கல் வந்தால் நாங்களே வெள்ளையடித்துத் தருகிறோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் பெரியவர்கள். சுவர் இருக்கிறது. வரையக் கைகளும் இருக்கின்றன. அனுமதி ஒன்றுதான் பாக்கி!

– பதினோராம் வகுப்பு மாணவி