அடுப்பங்கரைக்கும் விடுமுறை

பண்டிகை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, காரியாலயத்துக்கு விடுமுறை. அடுப்புக்கு மாத்திரம் விடுமுறை கிடையாது. அதன் முன் நிற்பவளுக்கும் கிடையாது. மற்ற நாட்களைவிட இரு மடங்கு வேலை செய்து, எல்லோரும் உண்டு களைத்து உறங்கும் வேளையில் அவள் சாப்பிட உட்காருகிறாள். இது நியாயமா என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

ஈரான் தேசத்தார் வருஷத்தில் ஒரு நாளாவது இதற்குப் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். நவ்ரூஸ் என்னும் அவர்களுடைய வருஷப் பிறப்பு மார்ச் மாதம் 20-ந் தேதியை ஒட்டி வருகிறது. அதற்குப் பதின்மூன்றாம் நாளுக்குச் ‘சீஸ்தா பெதர்’ என்று பெயர். அன்று குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைகளுக்கும் சோலைகளுக்கும் புறப்பட்டுப் போகிறார்கள். புது வருஷத்துக்காக வீட்டில் வளர்த்த முளைப்பயிரை ஓடும் நீரில் விடுகிறார்கள். பிறகு மரத்தடியில் கரி அடுப்பு மூட்டப்படுகிறது. விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் வீட்டு எஜமானர்தான்!

அன்று பலர் சுடுவது ‘ஜூஜே கபாப்’ என்னும் கோழிக்கறி. ஜூஜே என்றால் கோழிக் குஞ்சு. எலும்பு நீக்கிய கறி ஒரு கிலோவுக்கு, இரண்டு பெரிய வெங்காயத்தை அரைத்த விழுது, இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு, நாலு கரண்டி தயிர், சிறிது எண்ணெய், மிளகுத்தூள், உப்பு ஆகியவை போதும். இவற்றோடு ஒரு சிட்டிகை குங்குமப்பூவைச் சர்க்கரையுடன் பொடித்து, வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு பூவில் மூன்றே இழைகள்தாம் கிடைக்கின்றன. ஆகவேதான் அதற்கு அத்தனை விலை. உலகில் அதிகமாகக் குங்குமப்பூ விளைவது ஈரானிலே என்பதால் அவர்கள் தாராளமாகப் போடுகிறார்கள். நாம் சிக்கனமாகப் போட்டாலும் மணம் குறையாது.

எலுமிச்சம் புளிப்பும் தயிரும் கறியை மிருதுவாக்கும். ஆனால் எதற்கும் அளவு உண்டு. நாலைந்து மணி நேரம் ஊறினால் போதும். எலுமிச்சஞ்சாறு மிகுந்து அதிக நேரம் ஊறினால் கறி குழைந்துவிடும். ஊறும் பாத்திரம் குளிர்பெட்டியில் இருக்கட்டும். எஞ்சிய ஊறல் நீரை வெந்த கறியின் மேல் தடவாதீர்கள். பச்சைக் கறியிலுள்ள கிருமிகள் அந்த நீரிலும் இருக்கும்.

கரியில் ஜுவாலை அடங்கி, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகே கம்பிகளை அடுப்பின் விளிம்புகளில் குறுக்காக வைக்க வேண்டும். அடிக்கடி திருப்பி, உருக்கிய வெண்ணெயில் சிறிது குங்குமப்பூ நீர் கலந்து தடவினால், ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். உட்புறத்தில் சிவப்பு இருக்கக் கூடாது. உஷ்ணமானி உள்ளவர்கள் 74 டிகிரி செண்டிகிரேட் காட்டுகிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். கருகிய பாகத்தைக் கிள்ளி எறிந்துவிடுவது உத்தமம்.

“எங்கள் வீட்டில் மாமிசம் கூடாதே!” என்பவர்களும், “பாதிப் பேர் சாப்பிடுவார்கள், பாதிப் பேர் மாட்டார்கள்” என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். ஈரானியர் தக்காளியைத் தனிக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். கறி வேகும் நேரம் வேறு, தக்காளி வேகும் நேரம் வேறு என்பதே காரணம். நாமும் குடமிளகாய், வெங்காயம், கத்தரிக்காய் ஆகியவற்றை எண்ணெயும் உப்பும் தடவித் தனித்தனியே கோத்துக் கொள்ளலாம். புதுத் தணலில் முதலில் காய்கறிகளைச் சுட்டு எடுத்துவிட்டால், சைவர்களுக்கும் மனக்குறை இராது.

மெல்லிய ரொட்டி, பச்சை வெங்காயம், துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு மணமுள்ள கீரை, புதினா தூவிய மோர் ஆகியவற்றோடு இதை உண்டால் வயிறும் நிரம்பும், உடம்பும் கனக்காது. இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுவது நமக்குப் புதிதும் அல்ல. கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்தில் அது இருந்தது என்பதைப் பொருநராற்றுப்படை படித்தவர்கள் அறிவார்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மழை வந்தது என்று கரி அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வந்துவிடாதீர்கள். கனலும் கரியிலிருந்து கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் அது உறங்குகிறவர்களை எழுந்திராமலே செய்துவிடும். அணைந்ததுபோல் தோன்றும் கரியும் அபாயமானதே. முற்றம், மொட்டை மாடி, தோட்டம் ஆகியவையே அதற்கு ஏற்ற இடங்கள்.

அடுத்த விடுமுறையில், வீட்டு எஜமானர்கள் விசிறியைக் கையில் எடுக்கட்டும். கம்பியில் கோப்பதற்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். வீட்டு எஜமானிக்கு உரிய வேலை ஒன்றே ஒன்றுதான்: முதல் பந்தியில் உட்காருவது!